அங்கே மட்டும் ஏன் எட்டு வருஷம்?

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன், "இங்கே முதல்ல நாலு வருஷம் ஒரு டிகிரி, அப்புறம்தான் மெடிக்கல் காலேஜ், அது இன்னொரு நாலு வருஷம்" என்கிறார். நம் ஊரில் பள்ளி முடித்ததும் நேராக எம்.பி.பி.எஸ். சேரலாமே! இது காசு பிடுங்கும் வேலையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அண்ணன் சொல்வது சரிதான். இன்று அங்கே கட்டணம் கண்ணைக் கட்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்த விதி காசுக்காகப் பிறந்ததில்லை. காசுக்காகவே நடந்த கல்லூரிகளை ஒழிக்க வந்தது.

அமெரிக்காவின் முதல் மருத்துவக் கல்லூரி 1765-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. அடுத்த நூற்றாண்டில் நாலு டாக்டர்கள் கூடினால் ஒரு கல்லூரி என்று ஆகிவிட்டது. மாணவர் ஒவ்வொரு பேராசிரியரின் வகுப்புக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். அந்தக் காசு நேராகப் பேராசிரியர் பைக்குப் போகும். பாடம் வருஷத்துக்கு நாலைந்து மாதம். இரண்டாம் வருஷம் என்ன பாடம் தெரியுமா? முதல் வருஷம் கேட்ட அதே பாடம்! எவரையும் ஃபெயிலாக்கினால் வரும்படி போய்விடுமே, யார் ஆக்குவார்கள்? ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் எழுத்துத் தேர்வு வேண்டும் என்றபோது, அங்கிருந்த மூத்த அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ எதிர்த்தார். மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒழுங்காக எழுதவே வராது என்பது அவர் சொன்ன காரணம். ஹார்வர்டிலேயே இந்த லட்சணம்.

டிகிரி கேட்கும் வழக்கத்தை ஊன்றியது பால்டிமோரில் 1893-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி. மருத்துவமனை முன்பே தயார். கல்லூரிக்குத்தான் பணம் போதவில்லை. மேரி காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி 3 லட்சம் டாலருக்கு மேல் தந்தார், நிபந்தனைகளோடு. பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும். வருகிறவர்கள் டிகிரி முடித்திருக்க வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கத் தெரிய வேண்டும். அங்கே பேராசிரியராகச் சேர்ந்த வில்லியம் ஆஸ்லர், "நல்லவேளை, ஆசிரியராக வந்தோம்; மாணவராக நமக்கு இடம் கிடைத்திருக்காது" என்ற பொருளில் சக பேராசிரியரிடம் கேலி செய்திருக்கிறார்.

இதை நாடு முழுக்கப் பரப்பியவர் டாக்டரே அல்ல, ஆப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற பள்ளி ஆசிரியர். கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக 155 கல்லூரிகளைப் பார்த்து 1910-ல் அறிக்கை கொடுத்தார். ஐயோவா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் அறைக்கு அறை 'உடற்கூறு', 'நோய்க்கூறு' என்று பலகை தொங்குகிறது, எல்லாம் பூட்டு. சாவி காவலாளியிடம், அவர் வெளியே போயிருக்கிறார் என்றார் கல்லூரி முதல்வர். ஃப்ளெக்ஸ்னர் ஊருக்குப் புறப்படுவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்; காவலாளி கையில் 5 டாலர். கதவுகள் திறந்தன. எல்லா அறையிலும் மேசை, சின்னக் கரும்பலகை, நாற்காலிகள். வேறெதுவும் இல்லை.

அறிக்கைக்குப் பிறகு பல கல்லூரிகள் மூடின. போலிகள் போனது நல்லதே. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி இரண்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றும் ஃப்ளெக்ஸ்னர் அதில் எழுதியிருந்தார். மற்றவை மூடியதும் கறுப்பின டாக்டர்கள் உருவாகும் வழி பல தலைமுறைக்குச் சுருங்கியது. டிகிரிக்கே பணம் இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வாசலிலேயே நின்றார்கள். என்னைக் கேட்டால், நல்ல டாக்டருக்கு முன்கூட்டி ஒரு டிகிரி அவசியமில்லை. பிரிட்டனில் பள்ளி முடித்தவர்கள்தானே பெரும்பாலும் சேருகிறார்கள்?

சரி, மகள் விஷயம். அங்கேயும் சில பல்கலைக்கழகங்களில் பள்ளி முடித்ததும் சேரும், டிகிரியும் மருத்துவமும் இணைந்த கூட்டுப் படிப்பு உண்டு. இடங்கள் மிகக் குறைவு, வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னும் குறைவு. இங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்து, யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள் எழுதி, நேராக ரெசிடென்சிக்கு, அதாவது அங்கே மருத்துவமனையில் வேலை பார்த்தபடி பெறும் மேற்பயிற்சிக்குப் போவதுதான் நம்மவர்கள் வழக்கமாகப் போகும் பாதை. அதற்கு அந்த நாலு வருஷ டிகிரி தேவையில்லை. ஆனால் ரெசிடென்சி குறைந்தது மூன்று வருஷம், இடம் கிடைப்பதும் போட்டிதான். முதலில் நீட்டுக்குப் படிக்கட்டும்.