வீட்டுத் தோட்ட வேலைக்கு எந்தத் தள்ளுவண்டி வாங்கலாம்?

வீட்டைச் சுற்றி 15 சென்ட் இடம், நாலைந்து தென்னை, வாழை, கொஞ்சம் காய்கறிப் பாத்தி. மண்ணும் எருவும் சருகும் அள்ளிப்போட ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு இரட்டைச் சக்கரத்துக்கு. ஆனால் கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து, கொல்லைக்குப் போகும் வழியில் எங்கே ரொம்பக் குறுகல் என்று அளந்துவிடுங்கள். செப்டிக் டேங்குக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே வளைத்து நெளித்துத்தான் போக வேண்டும் என்றால் பேச்சே இல்லை, ஒற்றைச் சக்கரம்தான். வரப்பு மேல் ஓட்டவும் அதுதான் லாயக்கு.

ஒற்றைச் சக்கரத்தில் பாரத்தில் ஒரு பங்கு எப்போதும் கையில் நிற்கும். போதாக்குறைக்கு வண்டி சாயாமலும் பிடிக்க வேண்டும். ஈர மண் ஒரு கன அடியே 45 முதல் 50 கிலோ வரும். மூன்று கன அடித் தொட்டியை நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் குவிண்டால். கட்டட வேலையில் பழகினவர்கள் அசால்ட்டாகத் தள்ளிக்கொண்டு போவார்கள், நமக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பாரம் சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கை தப்பிக்கும். பழைய சீன வண்டிகளில் பெரிய சக்கரத்தை நட்டநடுவில் வைத்தது இதற்காகத்தான். ஒற்றைச் சக்கரத்தில் மண்ணை முன்பக்கமாகக் குவிக்கச் சொல்வதும் அதனால்தான்.

எல்லோரும் தொட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். சக்கரத்தைப் பாருங்கள். தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக்கூடாது. அச்சில் பால் பேரிங் (உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் வளையம்) இருந்தால் நல்லது. வெறும் புஷ் (குண்டு இல்லாமல் அச்சு உரசிச் சுழலும் குழாய்) என்றால் அடிக்கடி கிரீஸ் கேட்கும். காற்றடைத்த டயர் பொலபொலப்பான மண்ணில் புதையாமல் ஓடும், ஆனால் பக்கத்தில் சீமைக்கருவேலம் இருந்தால் பஞ்சர் கடைக்காரர் உங்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். அப்படிப்பட்ட இடத்துக்குக் கெட்டி ரப்பர் டயர், அதுவும் அகலமானதாக.

தொட்டி தகரமென்றால் கேஜ் எண்ணைக் கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு கனம். 18 கேஜைவிட 16 உறுதி. எருவும் யூரியாவும் ஏற்றினால் தகரத்தை அன்றன்றைக்குக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துருவேறும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை, வெயிலில் மட்டும் போட்டுவைக்காதீர்கள்.

அப்புறம், விழுந்த தென்னை மட்டைக்காகப் பெரிய வண்டி வாங்காதீர்கள். அது எதிலும் அடங்காது. அடிப்பக்கத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவதுதான் சுலபம்.