உறைக்குள் வந்த கவிதைகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதிய அவர் உயிரோடு இருந்த காலத்தில் பத்தளவே அச்சேறின, அவையும் பெயர் போடாமலே வந்தன என்ற வரி பலருடைய மனத்தையும் உறுத்தியிருக்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அவரைப் பற்றியே இருந்ததால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வீட்டை விட்டு வெளியே வராதவர் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே அவருக்கு நண்பர்கள் பலர் இருந்தார்கள் என்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?
– ஓய்வு பெற்ற அஞ்சல்துறை ஊழியர், பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, பிறர் கடிதங்களைக் கொண்டு சேர்ப்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்த நீங்கள் இதைக் கேட்டது பொருத்தமே. உங்கள் கேள்விக்கான விடை தபால் பைக்குள்தான் இருக்கிறது.

டிக்கின்சன் 1830 டிசம்பர் 10 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். 1886 மே 15 அன்று, பிறந்த அதே வீட்டில் இறந்தார். கண் நோய்க்காக 1864, 1865 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பாஸ்டனில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பிறகு அவர் வீட்டு வளாகத்தைத் தாண்டியதே அரிது. போகப் போக, வந்தவர்களோடு கதவுக்குப் பின்னால் நின்றே பேசி அனுப்பும் அளவுக்கு ஒதுங்கினார். ஆனால் அந்த வீடு ஒதுங்கிய வீடு அன்று. தந்தை எட்வர்ட் வழக்கறிஞர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் பொருளாளர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 'ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்' நாளிதழின் ஆசிரியர் சாமுவேல் பவுல்ஸும், எழுத்தாளர் ஜோசையா ஹாலண்டும் அவருடைய மனைவி எலிசபெத்தும் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர்கள். இவர்கள் எல்லோருக்கும் எமிலி எழுதிக்கொண்டே இருந்தார். 1958இல் வெளிவந்த தொகுப்பில் அவருடைய 1,049 கடிதங்கள் இடம்பெற்றன. 2024இல் வந்த புதிய பதிப்பில் அந்த எண்ணிக்கை 1,304 ஆக உயர்ந்துள்ளது. ஆளைச் சந்திக்க மறுத்தவர் மனிதர்களை மறுக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கடிதத்தை அவர் செய்தி சொல்லும் காகிதமாக மட்டும் கருதவும் இல்லை. உடல் உடன் வராமல் மனம் மட்டுமே வருவதால் கடிதம் தமக்கு எப்போதும் சாகாநிலை போலத் தோன்றுகிறது என்று 1869இல் ஒரு நண்பருக்கு எழுதினார். பூங்கொத்தோடு ஒரு கவிதை போகும். இரங்கல் கடிதத்தின் நடுவில் நான்கு வரி, உரைநடையா செய்யுளா என்று பிரித்தறிய முடியாதபடி கலந்து நிற்கும். வந்த கடிதங்களின் உறைகளையும் அவர் வீணாக்கவில்லை. உறையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, உட்புறத்தில் பென்சிலால் எழுதினார். அவற்றுள் ஒன்றின் படத்தைப் பார்த்து நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உறையின் முக்கோண மூடி மேல்நோக்கி நிற்க, அந்தத் துண்டுக் காகிதம் கூரை வேய்ந்த சிறு வீடு போலவே இருக்கிறது. அதன்மேல் அவர் எழுதியிருப்பதோ, நம்பிக்கை தன் வீட்டை எப்படிக் கட்டுகிறது என்ற கவிதை.

ஹிக்கின்சன் என்பவர் டிக்கின்சனின் கவிதைகளை வெளியிட வேண்டாம் என்று தடுத்ததாக வகுப்பில் சொன்னார்கள். அப்படிப்பட்டவரையா அவர் குருவாகக் கொண்டார்?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

தம்பி, வகுப்பில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால் நீங்கள் ஹிக்கின்சனை இவ்வளவு கடுமையாக எடை போடமாட்டீர்கள்.

தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் கட்டுரையாளர். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். உள்நாட்டுப் போரில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரைக் கொண்ட படைப்பிரிவொன்றுக்குக் கர்னலாகத் தலைமை தாங்கியவர். 'அட்லாண்டிக் மந்த்லி' இதழின் 1862 ஏப்ரல் மாதப் பதிப்பில் அவர் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு அறிவுரை கூறும் கட்டுரை ஒன்றை எழுதினார். அதைப் படித்துவிட்டு, ஏப்ரல் 15 அன்று, தமக்கு முன்பின் தெரியாத அவருக்கு நான்கு கவிதைகளோடு எமிலி ஒரு கடிதம் அனுப்பினார். 'என் பாட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல உங்களுக்கு நேரம் இருக்குமா?' என்பதே அதன் முதல் வரி. கடிதத்தில் கையெழுத்து இல்லை. பெயரை ஓர் அட்டையில் எழுதி, அதை ஒரு சிறிய உறையிலிட்டு, பெரிய உறைக்குள் வைத்திருந்தார்.

ஹிக்கின்சன் அவருடைய வயதையும் படித்த நூல்களையும் தோழர்களையும் பற்றிக் கேட்டு எழுத, எமிலி வயதைச் சொல்லாமல் மற்றவற்றுக்கு மட்டும் விடை தந்தார்: தோழர்கள் குன்றுகளும் அந்திப் பொழுதும், தம் அளவே பெரியதாக அப்பா வாங்கித் தந்த நாயும். படம் ஒன்று கேட்டபோது, படம் இல்லை, தாம் ரென் குருவியைப் போலச் சிறியவர் என்றும், தம் கண்கள் விருந்தாளி கிண்ணத்தில் மீதம் விட்ட ஷெர்ரி மதுவின் நிறம் என்றும் எழுதினார். கவிதைகளின் ஓசை ஒழுங்கு குறித்துத் தயக்கம் கொண்ட ஹிக்கின்சன், வெளியிடுவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம் என்றார். அதற்கு எமிலி, மீனின் துடுப்புக்கு வானம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் வெளியீடு என் எண்ணத்துக்கு என்று பதில் எழுதினார். தம்மை அவருடைய மாணவி என்று சொல்லிக்கொண்டே, அவர் சொன்ன திருத்தங்களில் ஒன்றையும் ஏற்காமல் தம் வழியிலேயே எழுதிக்கொண்டிருந்தார். குருவிடம் அவர் தேடியது திருத்தத்தை அன்று, படிக்கிற ஒரு கண்ணை என்றே நான் கருதுகிறேன்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1870 ஆகஸ்ட் 16 அன்று, ஹிக்கின்சன் ஆம்ஹர்ஸ்டுக்கு நேரில் வந்தார். வெள்ளுடையில், குழந்தையின் நடை போன்ற சிற்றடிகளோடு வந்த எமிலி இரண்டு லில்லி மலர்களை அவர் கையில் கொடுத்து, இவைதாம் என் அறிமுகம் என்றார். ஒன்றைப் படித்ததும் தலையின் உச்சி பெயர்ந்துவிட்டதுபோல் உடம்பே உணர்ந்தால் அதுதான் கவிதை என்று அவர் சொன்னது அன்றைய பேச்சில்தான். அன்றிரவே ஹிக்கின்சன் தம் மனைவிக்கு அதையெல்லாம் எழுதி வைத்திராவிட்டால் அந்தச் சொல் நமக்குக் கிடைத்திராது. தம் நரம்பின் வலுவை இவ்வளவு உறிஞ்சியவரைத் தாம் கண்டதில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். அவருக்குக் கவிதைகள் முழுதும் புரியவில்லை என்பது மெய். ஆனால் புரியாத ஒருவருக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் பதில் எழுதியதும், இறுதிச் சடங்குக்கு வந்து ஆங்கிலக் கவிஞர் எமிலி பிராண்டேயின் கவிதையை வாசித்ததும், 1890இல் முதல் தொகுப்பு வெளிவர உழைத்ததும் அவர்தாம். அந்தத் தொகுப்பில் தலைப்புகளைச் சேர்த்ததும், நிறுத்தக்குறிகளை மாற்றியதும், எதுகையைச் சீர்செய்ததும் பிழையே. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், 'நீங்கள் என் உயிரைக் காத்ததை நீங்களே அறியவில்லை' என்று 1869இல் எமிலி அவருக்கு எழுதிய வரியை வகுப்பில் யாராவது எழுந்து நின்று படித்துக் காட்ட வேண்டும்.

அண்ணியும் நாத்தனாரும் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியுமா? சூசனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.
– பள்ளி ஆசிரியை, இராயபுரம்

அம்மா, அண்ணியாவதற்கு முன்பே சூசன் கில்பர்ட் எமிலியின் தோழி. இருவருக்கும் வயது வேறுபாடு ஒன்பது நாள்தான். எமிலியின் அண்ணன் ஆஸ்டினைச் சூசன் மணந்தது 1856 ஜூலை 1 அன்று. நீங்கள் இராயபுரத்துக்காரர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: உங்கள் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வாலாஜா நோக்கிப் புறப்பட்டதும் அதே நாள்தான்.

மணமக்களுக்காகப் பக்கத்து மனையிலேயே வீடு எழுப்பப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை வழியாக ஏறத்தாழ 250 கவிதைகள் எமிலியின் கையிலிருந்து சூசனின் கைக்குப் போயிருக்கின்றன. வேறெவருக்கும் அவர் இவ்வளவு அனுப்பியதில்லை. சூசன் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தவரும் அல்லர். பளிங்கு அறைகளில் இறந்தோர் உறங்குவதைப் பாடும் கவிதையின் இரண்டாம் பகுதி தமக்கு நிறைவளிக்கவில்லை என்று 1861இல் அவர் எழுத, எமிலி வேறொன்று எழுதி அனுப்பினார்; அதுவும் ஒட்டவில்லை என்றார் சூசன். முதல் பகுதிக்கு இணையாக ஒன்று உன் அரசாட்சியிலேயே இருக்காது என்றும், அதை நினைத்தாலே குளிர்ந்துபோய் நெருப்பருகே போய் உட்காருகிறேன் என்றும் எழுதினார். தேர்ந்த படிப்பாளியின் சொல் அது. மறு ஆண்டு ஹிக்கின்சனுக்கு அனுப்பிய நான்கு கவிதைகளில் இதுவும் ஒன்று என்பதைச் சேர்த்துப் பார்த்தால், உலகத்துக்குக் காட்டுமுன் எமிலி எந்த வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டார் என்பது விளங்கும். ஷேக்ஸ்பியரைத் தவிர வேறெவரையும்விட அதிகம் எனக்குக் கற்பித்தவள் நீ என்று அவரே சூசனுக்குப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இது வெறும் தோழமைதானா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1852ஆம் ஆண்டுக் கடிதங்களின் மொழி காதலின் மொழி. சூசனின் வருகைக்காக நாளெண்ணும் அந்த வரிகளை நட்பு என்ற ஒரு சொல்லுக்குள் சுருக்குவது படிப்பவரின் கூச்சமே அன்றி அந்தக் கடிதங்களின் இயல்பு அன்று. ஆஸ்டினுக்கு எழுதிய பழைய கடிதங்களில் சூசனைப் பற்றிய இடங்கள் பின்னாளில் சுரண்டி அழிக்கப்பட்டிருக்கின்றன. எமிலி இறந்தபோது உடலுக்கு ஆடை அணிவித்ததும், நாளிதழில் இரங்கற்குறிப்பு எழுதியதும் சூசன்தான்.

அவருக்கு வந்த கடிதங்கள் எங்கே?
– வாசகர், வியாசர்பாடி

எரிந்துவிட்டன. இறந்தவருக்கு வந்த கடிதங்களை எரிப்பது அக்கால வழக்கம் என்பதால், தங்கை லவீனியா ஏறக்குறைய எல்லாவற்றையும் நெருப்பிலிட்டார். அதன் பிறகுதான், நூல்கொண்டு கையால் தைத்த நாற்பது சிறு ஏடுகளையும் தனித் தாள்களையும் கண்டெடுத்தார். கவிதைகளை எரிக்கச் சொல்லி எவரும் சொல்லியிருக்கவில்லை. இன்று நாம் படிப்பது ஒரு பக்கத்து உரையாடலை மட்டுமே.

வெளியிடுங்கள் என்று அவரை வற்புறுத்தியவர் ஒருவர்கூட இல்லையா?
– இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

இருந்தார், அவரும் ஆம்ஹர்ஸ்டில் அதே 1830இல் பிறந்தவரே. செவ்விந்தியர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எழுதிப் புகழ்பெற்ற ஹெலன் ஹன்ட் ஜாக்சன், 'நீங்கள் பெரிய கவிஞர். உரக்கப் பாடாமல் இருப்பது நீங்கள் வாழும் காலத்துக்கு இழைக்கும் தவறு' என்று 1876இல் எழுதினார். கேட்டுக் கேட்டு, வெற்றியின் இனிமையைத் தோற்றவனே அறிவான் என்ற கவிதையை மட்டும் பெற்று, பெயரில்லாக் கவிதைகளின் தொகுப்பொன்றில் 1878இல் வெளிவரச் செய்தார். அது அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த அமெரிக்க எழுத்தாளர் எமர்சன் எழுதியது என்று பலர் எண்ணினார்கள். பிறகு, உங்கள் கவிதைகளுக்கு உங்களுக்குப் பின் என்னைப் பொறுப்பாளராக்குங்கள் என்றும் வேண்டினார். ஆனால் 1885 ஆகஸ்டில் அவரே முந்தி இறந்துபோனார். எமிலியின் கடிதத் தோழமைகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு கவிஞரும் நண்பரும் உண்டா?
– நூலகப் பணியாளர், திருவொற்றியூர்

உங்கள் ஊர்க் கோயிலிலேயே நின்று பாடியவர் ஒருவர் உண்டு. எமிலிக்கு ஏழு ஆண்டுகள் மூத்தவரான இராமலிங்க அடிகள், ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த காலத்தில் அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்து வந்து வழிபட்டார். தம் பாடல்கள் அச்சேறுவதில் அவருக்கும் விருப்பம் இருக்கவில்லை. இருவரும் சொன்ன காரணங்கள் வெவ்வேறு. அவருடையது துறவின் வழி, எமிலியினுடையது அன்று. ஆனால் நண்பர்களின் பிடிவாதம் ஒன்றே. பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளை மட்டுமே உண்பது என்று இறுக்கம் இரத்தின முதலியார் உறுதி பூண்டார். அதை அறிந்த அடிகள் வேண்டாமென்று எழுதி, பாடல்களைத் தர இசைந்தார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் பொறுப்பில் திருவருட்பா வெளிவந்தது. ஹெலனுக்குக் கிடைத்தது ஒரு கவிதை. இரத்தின முதலியாரின் விரதத்துக்கோ நான்கு திருமுறைகள் கிடைத்தன. அடிகள் அவருக்கு எழுதிய கடிதங்களையும் அவர் பத்திரப்படுத்தி வைத்ததால், திருமுகங்கள் என்ற பெயரில் அவை அச்சிலேயே கிடைக்கின்றன. உங்கள் நூலகத்து அலமாரியில் உரைநடைப் பகுதியைத் தேடிப் பாருங்கள்.