தினமும் ஷேவ் செய்தே ஆக வேண்டிய வேலை. கழுத்தில் எரிச்சல், சிவப்புப் பொரி. எந்த ரேசர் வாங்கலாம்?

உங்களுக்குச் சுருட்டை முடி, பொரியெல்லாம் தாடைக்குக் கீழேதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் ஒற்றை பிளேடு ரேசர் வாங்குங்கள். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு பக்கமே போகாதீர்கள்.

பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும். மிச்ச நுனி தோலுக்கு அடியில் இறங்கிவிடும். நேர்முடிக்காரருக்கு மழமழவென்று இருக்கும். சுருட்டை முடி வளரும்போது வளைந்து தோலிலேயே குத்திக்கொள்ளும், அதுதான் அந்தப் பொரி. ஐந்து பிளேடில் சுகமாக ஷேவ் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேட்டவருக்கு எரிகிறது, அதனால் சொல்கிறேன்.

நான் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீசில் இருந்தவன். ஷிஃப்ட் தொடங்கும் முன் வரிசையில் நிற்கவைத்து முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். வெள்ளைக் காலர் உரசி உரசி, மதியத்துக்குள் அதில் ரத்தப்புள்ளி வந்துவிடும். தோல் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினால், "இது லாபி, வார்டு இல்லை" என்றார் மேலதிகாரி. அமெரிக்க ராணுவத்திலேயே இந்தப் பிரச்சினை உள்ள வீரர்களுக்கு டாக்டர் சீட்டின் பேரில் ஷேவிங்கிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சாவி எடுத்துக் கொடுக்கிற எனக்குக் கிடையாது. முகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. 

எனக்கு வழி சொன்னவர் திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருந்த மேன்ஷனுக்குக் கீழே சலூன் வைத்திருந்த அண்ணன். என் கழுத்தில் விரலை வைத்து நாலா பக்கமும் தடவிப் பார்த்தார். "தம்பி, இடது பக்கம் முடி காதைப் பார்த்து வளருது, வலது பக்கம் கீழே பார்க்குது. ரெண்டையும் ஒரே மாதிரி இழுத்தா எப்படி?" என்றார். முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே, அழுத்தாமல், ஒரே தடவை. கழுத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கவே கூடாது. தோலை இழுத்துப் பிடிப்பதும் வேண்டாம் என்றார். இதையெல்லாம் விரலால் காட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

தண்ணீரையும் அவர்தான் கவனிக்கச் சொன்னார். மேன்ஷன் போர் தண்ணீர் உப்பு, சோப்பு திரிதிரியாகப் போகுமே தவிர நுரைக்காது. கேன் தண்ணீரில் ஒரு மக் சூடாக்கி, முகத்தை நன்றாக நனைத்து, பிரஷ்ஷால் நுரை போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் ஊறவிட்ட பிறகுதான் பிளேடு. ஊறிய முடி லேசாக அறுபடும். பிளேடு இழுக்கத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள். கடைசியில் படிகாரத்தை ஈரத்தில் தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் போதும்.

ஒற்றை பிளேடு மாட்டுகிற மெட்டல் ரேசர் வெட்டிவிடும் என்று பயமுறுத்துவார்கள். கைப்பிடியைத் தோலிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்து, ரேசரின் கனத்தாலேயே இறங்கவிட்டால் வெட்டாது. அப்படியும் பயமென்றால், ஜில்லெட் 2010-ல் இந்தியாவுக்கென்றே 15 ரூபாய்க்குக் கொண்டுவந்த கார்டு (Guard) ரேசர் இருக்கிறதே, அதுவும் ஒற்றை பிளேடுதான். மலிவு என்று ஒதுக்காதீர்கள்.

இப்போது இருக்கிற பொரி ஆற மூன்று நான்கு வாரமாவது ஷேவிங்கை நிறுத்த வேண்டும். வேலையில் விடமாட்டார்கள் என்றால் டிரிம்மரால் ஒட்ட வெட்டாமல் லேசாக முள் விட்டு எடுங்கள். சீழ் வைத்தால் டாக்டரிடம் போங்கள். மருந்துக்கடையில் அவர்களாகவே எடுத்துக் கொடுக்கிற ஸ்டீராய்டு களிம்பை மட்டும் பூசாதீர்கள். வாரக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், அதற்கப்புறம் எந்த ரேசர் வைத்தாலும் எரியும்.