சென்னை மொட்டைமாடியில் ரனன்குலஸ் பூக்குமா?

கேள்வி: ரோஜாபோல் அடுக்கடுக்காக இதழ் விரிக்கும் ரனன்குலஸ் பூச்செடியின் கிழங்கை ஆன்லைனில் வாங்கி, அக்டோபர் தொடக்கத்தில் பாதியைத் தொட்டியில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் அழுகிவிட்டன. மீதி உறையிலேயே இருக்கிறது. அதையாவது காப்பாற்ற முடியுமா? அடுத்த வருடத்துக்கும் எடுத்து வைக்கலாமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: முடியும். ஆனால் ஊட்டியில் பார்ப்பதுபோல் பூத்துக் குலுங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இது கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதிச் செடி. அங்கே குளிர்காலத்தில்தான் மழை, கோடை வறண்டு கிடக்கும். அதனால் குளிரில் வளர்ந்து பூத்து, வெயில் ஏறியதும் இலை பழுத்துக் கிழங்கு உறங்கிவிடும். இரவு 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்குச் சுகம். நமக்கோ மார்கழி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அக்டோபர் சூட்டில் ஈரமும் சேர்ந்தால் கிழங்கு தாங்காது.

நட்டதிலிருந்து பூக்க ஏறக்குறைய 90 நாள் ஆகும். குளிரட்டும் என்று காத்திருந்து டிசம்பர் கடைசியில் நட்டால் பூக்கும் நேரத்தில் பங்குனி வெயில் வந்துவிடும். எனவே முளைக்கும் வேலையை ஃபிரிட்ஜில் முடித்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் கிழங்கைச் சாதாரணத் தண்ணீரில் 3, 4 மணி நேரம் ஊற வையுங்கள். இரவு முழுக்க விடவே கூடாது. ஊறியதும் உப்பிவிடும். பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான தேங்காய் நார்த்தூளில் புதைத்து, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் இரண்டு வாரம். இடையில் திறந்து பார்த்து, பூஞ்சை பிடித்ததை எடுத்துவிடுங்கள்.

வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் நடலாம். மண்தொட்டிதான் நல்லது, சீக்கிரம் காயும். செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவு போதும். விரல்போல் நீண்டிருக்கும் பக்கம் கீழே இருக்க, 5 செ.மீ. ஆழத்தில், எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒன்று. ஒருமுறை தண்ணீர் விட்டபின் தளிர் தெரியும்வரை பெரும்பாலும் சும்மா இருங்கள். அப்புறமும் மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தொட்டி கூரைக்கடியில் இருக்கட்டும். மழை விட்டதும் காலை பத்து, பதினொரு மணிவரை மட்டும் வெயில் படும் கிழக்கு ஓரம் சரி.

இதன் சாறு தோலில் பட்டால் எரியும், தின்றால் நஞ்சு. குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இலை பழுத்தபின் கிழங்கைத் தோண்டிக் காயவைத்துக் காகித உறையில் வைக்கலாம்தான். ஆனால் நம் குறுகிய குளிரில் அது பருப்பதில்லை, மறுவருடம் பூ கிடைப்பது அரிது. புதிதாக வாங்குவதே மேல்.