மகளின் சம்பளத்தை இப்போதே அடகு வைக்காதீர்கள்

கேள்வி: தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், கைக்கு 42,000 வருகிறது. மகள் பி.எஸ்சி. ஊட்டச்சத்தியல் கடைசி வருடம். எம்.எஸ்சி.க்கு இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 1,20,000 ஆகும். 90,000 ரூபாய்க்கு ஆன்லைனில் 'நியூட்ரிஷன் கோச்' படிப்பு ஒன்றும் கேட்கிறாள். மூன்று வருடம் முன்பு தம்பியின் கடைக்காக நகையை வைத்து 4 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன். "பாப்பா சம்பாதிக்க ஆரம்பிச்சதும் மீட்டுடலாம்கா" என்கிறான். மிச்சமுள்ள 8 பவுனையும் வைக்கலாமா? – வாசகி, நங்கநல்லூர்

பதில்: வைக்க வேண்டாம்மா. படிப்புச் செலவு உங்களைக் கவிழ்க்காது, தம்பியின் அந்த ஒரு வரிதான் கவிழ்க்கும்.

12 சதவீதம் என்று வைத்தால் மாதம் 4,000 வட்டி. மூன்று வருடத்தில் 1,44,000 போய்விட்டது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. எம்.எஸ்சி. செலவை விட அது அதிகம்.

சரி, மகள் சம்பாதித்து மீட்கட்டும் என்றால்? மருத்துவமனையில் தொடக்கத்தில் 18,000 கிடைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்து, சாப்பாடு 5,000, வட்டி 4,000 போக மிச்சம் 9,000. அதை அப்படியே அசலுக்குக் கட்டினாலும் மூன்று வருடத்துக்கு மேல் ஓடும். அவளுக்கு முக்கியமான வருடங்கள் அவைதான். எம்.எஸ்சி. முடித்து, மருத்துவமனையில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்து, இந்திய டயட்டெட்டிக் சங்கம் நடத்தும் தேர்வில் தேறினால்தான் 'ஆர்.டி.', அதாவது பதிவு பெற்ற டயட்டீஷியன். அந்த ஆறு மாதம் பெரும்பாலும் சம்பளமே இருக்காது. வீட்டில் மாமாவின் கடன் காத்திருந்தால் பெண் பாதியில் விட்டுவிட்டு எடை குறைக்கும் பவுடர் விற்கப் போய்விடுவாள். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

அந்த ஆன்லைன் படிப்பு வேண்டவே வேண்டாம். சில வாரச் சான்றிதழை வைத்து ஆர்.டி. தேர்வு எழுத முடியாது. 'வட்டியில்லா தவணை' என்றாலும் கடன் கடன்தான். பி.எஸ்சி. படிக்கிற பெண்ணுக்கு அதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?

எம்.எஸ்சி.க்கு வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் தொடங்காது, இன்டர்ன்ஷிப் காலம் அதற்குள் அடங்கிவிடும். மருத்துவமனை பிடிக்காவிட்டாலும் வழி அடைபடாது. உணவு நிறுவனங்களில் வேலை உண்டு. 'நெட்' என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கும்போது இந்தப் பட்டத்துக்கு இடமுண்டு.

இப்போது தம்பி. அடுத்த முறை நகையைத் திருப்பி வைக்கும் முன் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். நீங்கள் கட்டும் 4,000 தொடரட்டும், அவர் மாதம் 8,000 போடட்டும். 12,000 கட்டினால் ஏறக்குறைய மூன்றரை வருடத்தில் கடன் தீரும். பகுதி அசலை எடுத்துக்கொள்வார்களா என்று நகைக்கடன் தந்த இடத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி முடியாது என்றால், அடகில் இருப்பதிலேயே ஒரு பகுதியை விற்றுக் கடனை அடையுங்கள். மனசு கேட்காதுதான், தெரிகிறது. ஆனால் அந்த 4,000 மாதாமாதம் உங்கள் கையிலேயே நிற்கும். அதை மகளின் இன்டர்ன்ஷிப் செலவுக்குத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். அந்தக் கணக்கு தம்பிக்குத் தெரிய வேண்டாம்.