அம்மா கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. தூத்துக்குடியில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்தவள். திருமணத்துக்குப் பிறகு கணவரோடு பெந்தகோஸ்தே சபைக்குப் போனேன், வேதத்தை முழுசாகப் படித்தேன், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா காலமானபின் அம்மா சென்னையில் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு 74 வயது.

வீட்டில் ஓயாத சண்டை. ஹாலில் டி.வி.க்கு மேலே மாதா சுரூபமும் (சிலையும்) அந்தோனியார் படமும் வைத்திருக்கிறார். வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வரும் விசுவாசிகள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கணவருக்கு அவமானம். 1 தீமோத்தேயு 2:5-ஐ எத்தனை முறை எடுத்துக் காட்டியிருப்பேன்! தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று அவ்வளவு தெளிவாக இருக்கும்போது, செத்துப்போனவர்களிடம் ஏன் வேண்ட வேண்டும்? அம்மா வசனத்துக்கு வசனம் பதில் சொல்ல மாட்டார். "சவேரியார் காலத்துலருந்து நாங்க சொல்ற ஜெபம் இது, உன் பாஸ்டரு நேத்து வந்தவரு" என்று முடித்துவிடுவார். போப்புக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்றால், "பேதுருவுக்குச் சாவியக் கொடுத்தது யாரு?" என்று, பரலோகத்தின் திறவுகோல்களை இயேசு பேதுருவுக்குத் தருவதாகச் சொன்னதை எடுப்பார்.

அதோடு போகட்டும் என்றால், எங்களுக்குத் தெரியாமல் என் மகனுக்கு 'அருள் நிறை மரியே' சொல்லிக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கும் கூட்டிப் போயிருக்கிறார். கேட்டால் அழுகை. ஊரிலிருந்து அக்கா போன் போட்டு, "அம்மாவ மாத்தப் பாக்குறியா?" என்கிறாள். சத்தியத்தைச் சொல்வது குற்றமா? சுரூபத்தை அவருடைய அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னது குற்றமா?

இப்போது கொஞ்ச நாளாக அம்மா வாதாடுவதில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். இருதயம் பலவீனமாக இருக்கிறது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை. போன தடவை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "எனக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கச் சாமியாரக் கூப்பிடுவியாம்மா?" என்று கேட்டார். சாமியார் வந்து நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் கத்தோலிக்கச் சடங்கு அது. மாத்திரைக்கு நேரமாச்சு என்று பேச்சை மாற்றிவிட்டேன். சாமியாரை (கத்தோலிக்கக் குருவை) வீட்டுக்குள் விடலாமா என்று பாஸ்டரிடம் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை. அது பிறகு. மறுபடியும் சொல்கிறேன், அந்தச் சுரூபம் ஹாலில் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். எந்த வசனங்களைக் காட்டினால் அம்மா உணர்வார்? சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வசனங்களை நான் தரப்போவதில்லை. நீங்கள் "அது பிறகு" என்று தள்ளிவைத்த இடத்தில்தான் உங்கள் கடிதம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு தாய் தன் சாவைப் பற்றி மகளிடம் கேட்டிருக்கிறார். மகள் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதன்பிறகுதான் அம்மா வாதாடுவதை நிறுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் உங்களிடம் தோற்றுப்போய் மாடிக்குப் போகவில்லை. கேட்டும் பதில் வராததால் போகிறார்.

மாடியில் அவர் என்ன சொல்கிறார் என்பது சிறுவயதில் நீங்களும் சொன்னதுதான். ஜெபமாலையின் 53 மணி ஜெபத்தில் ஒவ்வொரு மணிக்கும் "எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று மரியாளிடம் கேட்பது வரும். உங்களுக்கு அது மரியாளிடம் வேண்டலாமா கூடாதா என்ற உபதேசப் பிரச்சினை. இருதயம் பலவீனமான 74 வயதுப் பெண்ணுக்கு "மரண நேரத்திலும்" என்ற இரண்டு சொற்கள்தான் இப்போது காதில் விழும். உங்களிடம் ஆஸ்பத்திரியில் கேட்டதைத்தான் அவர் அங்கே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

புனிதர்களிடம் வேண்டுவது பற்றிய வழக்கு உங்கள் ஹாலில் தீராது. படங்களுக்கும் சுரூபங்களுக்கும் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் பிரித்துச் சொன்னது. 1530-இல் லூத்தரன்களின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 21-ஆம் பிரிவில், புனிதர்களை நினைவுகூரலாம், ஆனால் அவர்களிடம் வேண்டும்படி வேதம் கற்பிக்கவில்லை என்றது. 1563-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், அவர்களிடம் மன்றாடுவது நல்லது, பயனுள்ளது என்றது. நீங்கள் காட்டும் 1 தீமோத்தேயு 2:5 கத்தோலிக்கர் கண்ணில் படாத வசனமும் அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், மரியாளின் பரிந்துரையைப் பேசும் 60-ஆம் பத்தி அதே வசனத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. வசனத்தை இரு தரப்பும் ஏற்கிறது, பொருள் கொள்வதில்தான் பிளவு. அதனால் இன்னொரு முறை அதை வாசித்துக் காட்டினால் அம்மா மாறப்போவதில்லை, அவர் மனம்தான் இன்னும் நோகும்.

அதிகாரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கண்டிப்பாகவே. போப்புக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, சீர்திருத்தச் சபைகள் பிறந்ததே அதைக் கேட்டுத்தான். ஆனால் சாகப்போகும் அம்மாவின் விருப்பத்தை நிறைவேற்றலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை உங்கள் பாஸ்டருக்கு யார் கொடுத்தது? வேதம் மட்டுமே போதும் என்றுதானே வெளியே வந்தீர்கள். மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வழி வைத்திருந்த பக்திமான்களை இயேசு கடிந்துகொள்கிறார். பக்தியின் பெயரால் தகப்பனையும் தாயையும் கைவிடுவதை அவர் ஏற்கவில்லை. பாஸ்டரிடம் செய்தியாகச் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள்.

உங்கள் மனச்சாட்சி உறுத்தினால், 2 இராஜாக்கள் 5-இல் சீரியப் படைத்தலைவன் நாகமானைப் பாருங்கள். இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்று முடிவெடுத்தவன், ஆனால் என் எஜமான் ரிம்மோன் என்ற சீரிய தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வாரே, என்ன செய்வது என்று கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா தந்த பதில்: "சமாதானத்தோடே போ." உங்கள் அம்மா தொழுவது ரிம்மோனை அல்ல, நீங்கள் தொழும் அதே இயேசுவைத்தான். நாகமானுக்கே கிடைத்த அனுமதி உங்களுக்குக் கிடைக்காதா?

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா அவஸ்தைபூசுதல் என்று சொன்ன அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) நிற்பது யாக்கோபு 5:14-இல். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க, அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் வசனம் அது. பெந்தகோஸ்தே சபைகளிலும் பாஸ்டர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பது அந்த வசனத்தைச் சொல்லித்தான்.

இதைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடாதீர்கள். பல வீடுகளில் நடக்கும் தவறு அதுதான். சாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று காத்திருந்து, நினைவு தப்பிய பிறகு நள்ளிரவில் பங்கு ஆலயத்துக்கு (தங்கள் பகுதிக் கத்தோலிக்க ஆலயத்துக்கு)ப் போன் செய்வார்கள். இந்த அருட்சாதனம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல என்று 1963-இலேயே வத்திக்கான் சங்கம் தெளிவாக்கிவிட்டது. இப்போது அதன் பெயரும் நோயில் பூசுதல்தான். கடுமையாக நோயுற்றவருக்கும் முதுமையில் தளர்ந்தவருக்கும் கொடுக்கலாம். குணமாகி மறுபடி நோய் கண்டால் மறுபடியும் பெறலாம். நினைவில்லாதவருக்கும், அவர் விரும்பியிருப்பார் என்றால், கொடுப்பார்கள். இறந்தவருக்குக் கொடுக்க மாட்டார்கள். குருவானவர் மட்டுமே கொடுக்க முடியும். நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுவரும் பொதுநிலையினரால், அதாவது குருவல்லாதவர்களால், முடியாது.

உங்கள் பகுதிப் பங்கு அலுவலகத்தில் அம்மாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்துவிட்டு, உங்கள் தெரு அன்பியத்தின் (அண்டைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) பொறுப்பாளர் எண்ணையும், இரவில் அழைக்கக்கூடிய சாமியாரின் எண்ணையும் வாங்கி அம்மாவின் கட்டிலருகே எழுதி ஒட்டுங்கள். வீட்டோடு இருக்கும் நோயாளிகளுக்கு மாதத்தின் முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டுவரும் வழக்கம் பல பங்குகளில் உண்டு, அதற்கும் சொல்லி வையுங்கள். சாமியார் வரும் அன்று ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி, அம்மாவின் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஸ்பூன் போதும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உபவாசம் இருக்கும் விதி நோயாளிக்கும் முதியவருக்கும் கிடையாது. அதனால் மாத்திரையையோ சாப்பாட்டையோ நிறுத்த வேண்டாம். பாவசங்கீர்த்தனத்தின்போது (அம்மா சாமியாரிடம் பாவ அறிக்கை செய்யும்போது) எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். மற்ற நேரத்தில் நீங்கள் முழந்தாளிட வேண்டாம், ஜெபத்துக்குப் பதில் சொல்ல வேண்டாம். அருகில் இருந்தால் போதும்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெற்றோருக்குத் தெரியாமல் பேரனுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தது சரியல்ல. அதை அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் மறைத்துச் செய்ய வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது யார் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். சுரூபம் அவருடைய அறைக்குப் போகலாம், அவர் சம்மதித்து, அவர் கையாலேயே எடுத்து வைத்தால். ஜெபமாலையும் அங்கேயே நடக்கட்டும். மாடிப்படி ஏறுவதை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

இன்றிரவு டி.வி.யை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சாமியாரக் கூப்பிடுறேம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். வசனம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். அவர் அழுது முடித்த பிறகு, அடக்கம் எங்கே என்பதையும் கேட்டுவிடுங்கள். தூத்துக்குடியில் அப்பாவின் அருகில் என்றால், அங்குள்ள பங்கில் கல்லறைக்கான பதிவும் நிலுவையும் எப்படி இருக்கிறது என்று அக்காவை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் என்பதால், ஆம்புலன்ஸுக்கு யாரை அழைப்பது, இங்குள்ள சாமியாரிடம் கடிதம் வாங்க வேண்டுமா என்பதையும் அந்தப் போனிலேயே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.