ஒரே மேனேஜர் பல ஃபண்டுகளைப் பார்த்துக்கொண்டால் நம் பணத்துக்கு என்ன ஆகும்?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: அவர் பணம் போட்டிருக்கும் ஃபண்டின் மேனேஜர் இன்னும் நாலைந்து ஃபண்டுகளையும் பார்த்துக்கொள்கிறார். அதில் ஒன்று பெரும் பணக்காரர்களுக்கானது. அங்கே வருடாந்தரக் கட்டணத்தோடு லாபத்திலும் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். "நல்ல பங்கெல்லாம் அங்கே போய்விட்டு, மிச்சம் மீதிதான் எங்களுக்கு வருமோ?" என்று கேட்கிறார்.

சந்தேகம் நியாயமானது. நான் ஒரு முதலீட்டு நிறுவனத்தில், வாங்கி விற்ற பங்குகளை ஒவ்வொரு ஃபண்டின் கணக்கிலும் பிரித்துப் பதியும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஒருவர் பல ஃபண்டுகளைப் பார்ப்பதையே குற்றம் என்று சொல்ல முடியாது. உலகம் முழுக்க நடைமுறை அதுதான். ஒரு கம்பெனியை ஒரு முறை அலசினால் அந்த உழைப்பு ஐந்து ஃபண்டுக்கும் உதவும். ஆர்டரைச் சேர்த்துப் போட்டால் புரோக்கர் கமிஷனும் குறையும். ஒரு ஃபண்ட் ஜெயித்தால் மேனேஜருக்குக் கிடைப்பது ஒரு அளவு, இன்னொன்று ஜெயித்தால் கிடைப்பது வேறொரு அளவு என்று ஆகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அப்போதும் யாரும் பெட்டியை உடைத்துத் திருடுவதில்லை. எந்த ஆர்டர் முதலில் போகிறது, வாங்கிய பங்கு எந்த நேரத்தில் யார் கணக்கில் எழுதப்படுகிறது, கெட்டிக்கார ஆட்கள் எந்த ஃபண்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதிலேயே பணம் கை மாறிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஃபண்டுக்கு வருடத்துக்கு 1 சதவீதக் கட்டணம், அவ்வளவுதான். இரண்டாவது ஃபண்டுக்கு அதே 1 சதவீதத்தோடு லாபத்தில் 20 சதவீதம். மேனேஜர் காலையில் ஒரு பங்கை 100 என்ற விலையில் 10,000 எண்ணிக்கை வாங்குகிறார். யாருக்காக என்று சொல்லவில்லை. மாலையில் விலை 103. லாபம் 30,000. இதை இரண்டாவது ஃபண்டில் எழுதினால், அந்த லாபம் அப்படியே நிலைத்தால், அதில் 6,000 நிறுவனத்துக்குப் போகும். முதல் ஃபண்டில் எழுதினால் கூடுதலான 30,000க்கு 1 சதவீதம், அதாவது வருடத்துக்கு 300. ஒரே பங்கு, ஒரே உழைப்பு, வருமானத்தில் இருபது மடங்கு வித்தியாசம். விலை 97க்கு இறங்கினால் என்ன? அன்றைய நஷ்டத்தை முதல் ஃபண்டில் தள்ளினால் நிறுவனத்துக்குக் குறைவது அதே 300தான். ஜெயித்ததெல்லாம் அங்கே, தோற்றதெல்லாம் இங்கே என்று பொறுக்கிப் பொறுக்கி எழுதும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரியும்.

இதற்கு மருந்து என்று ஒன்று இருந்தால், அது பங்கு வாங்குவதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைப்பதுதான். விலை தெரியும் முன்பே பங்கீடு முடிந்துவிட்டால் பொறுக்குவதற்கு எதுவும் இருக்காது. நல்ல நிறுவனங்களில் ஆர்டர் டீலரிடம் (சந்தையில் வாங்கி விற்கும் ஆளிடம்) போகும்போதே பங்கீடும் கூடவே போகும், இரண்டுக்கும் நேரம் பதிவாகும்.

ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மூன்று ஃபண்டுகளுக்குச் சேர்த்து 50,000 பங்கு வேண்டும் என்று ஆர்டர் வருகிறது: ஒன்றுக்கு 30,000, அடுத்ததற்கு 15,000, மூன்றாவதற்கு 5,000. சந்தையில் அவ்வளவு கிடைக்கவில்லை, 18,000தான் வாங்க முடிந்தது. அப்போது கேட்ட அளவின் விகிதத்தில் 10,800, 5,400, 1,800 என்று பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சராசரி விலை. இது எளிது, கம்ப்யூட்டரே செய்துவிடும். இப்படிப் பிரித்து எழுதும் பங்கீட்டுத் தாளின் கடைசியில் 'காரணம்' என்றொரு பத்தி இருக்கும். விகிதத்தை மாற்றியிருந்தால் ஏன் என்று அங்கே எழுத வேண்டும். "ஃபண்டில் ரொக்கம் போதவில்லை", "இந்தத் துறைக்கான உச்சவரம்பு நிரம்பிவிட்டது", "அளவு மிகச் சிறியது, அதனால் ஒதுக்கவில்லை" என்றெல்லாம் இருக்கும். எல்லாமே உண்மையான காரணங்களாக இருக்கலாம். நான் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான். ஒரே ஃபண்டுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ரொக்கம் போதாமல் போகிறதா? அப்படிப் போகும் நாட்களில் மாலைக்குள் விலை ஏறியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் மேனேஜரிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும். கண்காணிப்பு அமைப்புகள் செய்வதும் ஏறக்குறைய இதேதான். எந்தக் கணக்குக்கு முதல் நாள் லாபம் அதிகமாக விழுகிறது, அது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று புள்ளியியலால் அளக்கிறார்கள்.

ஐபிஓ, அதாவது ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே கிடைப்பதே கொஞ்சம். அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி 1999இல் வான் கேம்பன் என்ற நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கை நல்ல உதாரணம். அவர்கள் ஒரு புது ஃபண்டை வெளியில் விற்காமல் உள்ளேயே சில லட்சம் டாலரோடு வளர்த்தார்கள். 1996இல் அந்தக் குட்டி ஃபண்ட் சுமார் 62 சதவீதம் ஏறியது. அதில் பாதிக்கு மேல், சூடாக விலைபோன ஐபிஓக்களில் கிடைத்த சில நூறு பங்குகளால் வந்தது. பெரிய ஃபண்டில் அந்தச் சில நூறு பங்குகள் சேர்ந்தால் ஒரு புள்ளிகூட நகராது. சின்ன ஃபண்டில் சேர்ந்தால் அதன் வரலாறே மாறிவிடும். அப்புறம் அந்த 62 சதவீதத்தைக் காட்டி மக்களிடம் பணம் திரட்டினார்கள், அது எதனால் வந்தது என்பதைச் சொல்லாமல். ஒரு ஃபண்டின் முதல் ஒன்றிரண்டு வருட லாபத்தைப் பார்த்து யாராவது மயங்கினால், அப்போது அதில் எவ்வளவு பணம் இருந்தது என்று கேளுங்கள் என்பேன்.

என்னை மிகவும் கோபப்படுத்திய வழக்கு வேறு. புளூகிரெஸ்ட் கேபிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்களுக்கான, லாபத்திலும் பங்கு எடுக்கும் ஃபண்ட்) நிறுவனம். வெளியாட்களின் பணம் இருந்த பிரதான ஃபண்ட் ஒன்று. அதோடு, நிறுவனத்தின் பங்காளிகளும் ஊழியர்களும் தங்கள் சொந்தப் பணத்தைப் போடுவதற்காகவே தொடங்கிய பிஎஸ்எம்ஏ என்ற உள் ஃபண்ட். எஸ்இசி சொன்னபடி, 2011 முதல் 2015 வரை நிறுவனத்தின் மிகச் சிறந்த டிரேடர்களைப் பிரதான ஃபண்டிலிருந்து எடுத்து இந்த உள் ஃபண்டுக்கு மாற்றினார்கள். அவர்கள் போன இடத்தில் ஒரு கணினி நிரலை உட்காரவைத்தார்கள். அது மனிதர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தது, ஏற்ற இறக்கமும் அதிகம். டிரேடர்களுக்குக் கொடுப்பதுபோல நிரலுக்கு லாபத்தில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்பதால், வெளியாட்களிடம் வாங்கிய லாபக் கட்டணத்தில் நிறுவனம் தன் கையில் வைத்துக்கொண்டது கூடியது. இதையெல்லாம் முதலீட்டாளர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. 2020 டிசம்பரில், குற்றச்சாட்டை ஒப்பாமலும் மறுக்காமலும், 17 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அந்தப் பணம் பாதிக்கப்பட்ட முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரப்பட வேண்டும் என்பது உத்தரவு.

இதில் ஒரு பங்குகூடத் தவறான கணக்கில் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன பங்கீட்டுத் தாளை எத்தனை முறை சோதித்தாலும் இது அகப்படாது. இடம் மாறியது மூளையும் கவனமும். அதனால்தான் 'எங்களிடம் நியாயமான பங்கீட்டுக் கொள்கை இருக்கிறது' என்ற ஒற்றை வரியோடு நான் திருப்தி அடைவதில்லை. யார் என் பணத்தைப் பார்க்கிறார்கள், போன வருடமும் அவர்கள்தான் பார்த்தார்களா, தங்கள் சொந்தப் பணத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஒரே நிறுவனத்தின் இரண்டு ஃபண்டுகள் தமக்குள்ளேயே வாங்கி விற்பது இன்னொரு இடம். ஒன்றுக்குப் பணம் வேண்டும், இன்னொன்றிடம் பணம் இருக்கிறது. வெளிச்சந்தைக்குப் போகாமல் உள்ளுக்குள் மாற்றிக்கொண்டால் இரு பக்கமும் செலவு மிச்சம். நேர்மையாகச் செய்தால் நல்லதுதான். ஆனால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே ஆள் பேசுகிறார், விலையையும் அவரே சொல்கிறார். தினமும் வியாபாரமாகும் பங்குக்குச் சந்தை விலை இருக்கிறது, சண்டை இல்லை. எப்போதாவது மட்டும் கைமாறும் பத்திரத்துக்கு எது விலை? 2014இல் வெஸ்டர்ன் அசெட் மேனேஜ்மெண்ட் மீது எஸ்இசி எடுத்த வழக்கில் நடந்தது இது: விற்கும் வாடிக்கையாளர்களின் பத்திரங்களை, சந்தையில் வாங்குபவர்கள் தர முன்வரும் விலையில் (விற்பவர்கள் கேட்பதைவிட இது குறைவு) புரோக்கர் ஒருவருக்கு விற்று, கொஞ்சம் மட்டும் கூட்டி மற்ற வாடிக்கையாளர்களுக்குத் திரும்ப வாங்கினார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மிச்சமானது முழுக்க வாங்கியவர்களுக்கே போனது. நடு விலையில் செய்திருந்தால் இருவருக்கும் பாதிப் பாதி கிடைத்திருக்கும். அமெரிக்காவில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்குள் இப்படி மாற்றிக்கொள்வதை 1940ஆம் வருட முதலீட்டு நிறுவனச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விலக்கு வேண்டுமானால் சுயேச்சையான சந்தை விலையில், கமிஷன் இல்லாமல் நடக்க வேண்டும்.

ஒரு ஃபண்ட் வைத்திருக்கும் பங்கையே இன்னொரு ஃபண்ட் ஷார்ட் அடிப்பதும் (விலை இறங்கினால் லாபம் வரும்படி, பங்கைக் கடன் வாங்கி விற்பதும்) உண்டு. பல நிறுவனங்கள் இதை அடியோடு தடை செய்திருக்கின்றன. தடை இல்லாத இடத்தில் பணம் போடாதீர்கள் என்பது என் கருத்து.

சரி, இப்படிப் பல ஃபண்ட் பார்க்கும் மேனேஜரிடமிருந்து ஓடிவிட வேண்டுமா? ஆய்வுகளே இதில் ஒருமனதாக இல்லை. 2006இல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒரே நிறுவனத்தின் ஃபண்டுகளில் கட்டணம் அதிகமுள்ளவையும் ஏற்கெனவே நன்றாக ஓடுபவையும் மற்றவற்றின் செலவில் தூக்கிவிடப்படுவதற்குத் தடயம் காட்டியது. மியூச்சுவல் ஃபண்டையும் ஹெட்ஜ் ஃபண்டையும் சேர்த்துப் பார்க்கும் நிறுவனங்களையும் மேனேஜர்களையும் பற்றி 2010இல் வந்த ஆய்வுகளில், ஒன்று மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டாளர்கள் நஷ்டப்படுகிறார்கள் என்றது. இன்னொன்று அப்படி இல்லை, இந்த மேனேஜர்கள் சராசரியைவிடத் திறமைசாலிகள் என்றது. இரண்டாவதையும் நம்ப முடிகிறது. திறமையானவருக்குத்தான் லாபப் பங்கு கொடுக்கும் ஃபண்டும் சேர்ந்து வரும்; அதைக் கொடுக்காவிட்டால் அவர் வேலையை விட்டே போய்விடுவார், அப்போது உங்கள் ஃபண்டுக்கும் அவர் இருக்க மாட்டார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, உங்கள் மேனேஜரைக் குறிப்பாகப் பாருங்கள். அமெரிக்காவில் 2004இல் வந்த விதிப்படி, மேனேஜர் வேறு எத்தனை கணக்குகளைப் பார்க்கிறார், அவற்றில் மொத்தம் எவ்வளவு பணம், எத்தனையில் லாபத்தைப் பொறுத்த கட்டணம், அவர் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, இந்த ஃபண்டில் அவருடைய சொந்தப் பணம் எந்த வரம்பில் இருக்கிறது என்பதையெல்லாம் வெளியிட வேண்டும். அது விளம்பரக் கையேட்டில் இருக்காது, கூடுதல் தகவல் அறிக்கை என்ற தடித்த ஆவணத்தில் இருக்கும். வேறு நாடுகளில் பெயரும் அளவும் மாறும். வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்திலும் எழுதிக் கேட்கத் தடையில்லை.

அடுத்து, இரண்டு ஃபண்டும் ஒரே பாணியில் முதலீடு செய்பவை என்றால், கட்டணம் கழிப்பதற்கு முன் உள்ள லாபத்தை ஒரே காலத்துக்கு எடுத்து ஒப்பிடுங்கள். ஓரிரு மாதம் விலகினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வருடா வருடம் ஒரே திசையில் விலகிக்கொண்டே போனால் கேட்க வேண்டும். போர்ட்ஃபோலியோ பட்டியல் (ஃபண்ட் கையில் வைத்திருக்கும் பங்குகளின் பட்டியல்) கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பங்கு எந்த ஃபண்டில் முதலில் தோன்றுகிறது, எதிலிருந்து முதலில் மறைகிறது என்பதை நாலைந்து வெளியீடுகளில் பார்த்தாலே ஒரு போக்கு பிடிபடும். சிறு நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டாக இருந்தால் இதை அவசியம் செய்யுங்கள், ஏனென்றால் அங்கேதான் முதலில் வாங்குபவருக்கும் பின்னால் வாங்குபவருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வரும்.

பிறகு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று கேள்வி போதும்: பங்கீடு ஆர்டர் போடும் முன்பே பதிவாகிறதா? விகிதத்தை மாற்றினால் அனுமதி தருவது மேனேஜரா, கம்ப்ளையன்ஸ் பிரிவா (விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு)? இரண்டு ஃபண்டுகளிலும் மேனேஜரின் சொந்தப் பணம் எவ்வளவு? ஒழுங்கான நிறுவனம் நேரடியாகப் பதில் எழுதும், ஏனென்றால் பெரிய முதலீட்டாளர்கள் இதே கேள்விகளைக் கேட்டு அவர்களிடம் பதில் தயாராகவே இருக்கும். கொள்கை அறிக்கையின் நகலை மட்டும் ஒட்டி அனுப்பினால், புதிதாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டு மறுபடி எழுதுங்கள். ஏற்கெனவே போட்டதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், வெளியேறும் கட்டணமும் வரியும் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேனேஜரின் சொந்தப் பணம் எல்லாம் அந்த இன்னொரு ஃபண்டில் இருக்கிறது, உங்களுடையதில் ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தால், நானாக இருந்தால் வெளியேறும் தேதியைக் குறித்துக்கொள்வேன்.